கேட்காமல் இணைத்த நகல்

வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு மேலே, ஒற்றை அறையில் குடியிருந்தவரைப் பட்டாளத்தார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிறந்த நாட்டு ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். ஒரு கண்ணிவெடி அவருடைய இடது காதையும் இடது கையில் இரண்டு விரல்களையும் வாங்கிக்கொண்டது. அதற்காக மாதாமாதம் ஊன ஓய்வூதியம் வரும். அவரிடம் பேசுகிறவர்கள் வலப்பக்கம் வர வேண்டும். வராதவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டி வைப்பார்.

மகள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மனைவி போன பிறகு அவள்தான் இந்த நாட்டுக்கு அழைத்துவந்தாள். சலவை இயந்திரம் இருந்த அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். ஒருநாள் கூடம் நிறைய விருந்தாளிகள். மருமகன் சொன்னார்: “மாமா இருக்கிறவரைக்கும் எங்களுக்கு நாய் வாங்குற செலவு மிச்சம்!” எல்லோரும் சிரித்தார்கள். பட்டாளத்தாரும் சிரித்தார். அடுத்த வாரம் எங்கள் மாடியறைக்குக் குடிவந்துவிட்டார்.

ஓய்வூதியத்தில் வாடகை போக மிஞ்சுவது வயிற்றுக்குச் சரியாக இருக்கும். அறைச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்.

“என்ன ஐயா, மெடலா?” என்பார் பக்கத்துச் சலவைக் கடைக்காரர்.

“மெடல் எந்தக் கதவைய்யா திறக்கும்?” என்பார் இவர்.

ஒரு காலையில், நான் அலுவலகக் கதவைத் தூக்கும்போதே வரித்துறைக் கடிதத்தோடு நின்றார்.

“தம்பி, இதுல என் பேர் மட்டும்தான் புரியுது. மத்ததெல்லாம் திட்டுற மாதிரி இருக்கு.”

திட்டத்தான் செய்திருந்தார்கள். இரண்டு வருடமாக ஓய்வூதியத்துக்கு வரி கட்டவில்லையாம். பாக்கியும் வட்டியும் சேர்ந்து ஏழு மாத வாடகைக்குச் சமம். இனிமேல் வருவதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அது போனால் அறை நிற்காது. அவருக்கும் அது தெரியும். கை தானாகக் கழுத்துச் சாவிக்குப் போனது.

முதலில் மகள் நிரப்பிக் காட்டியதைப் பார்த்து, ஆறு வருடமாக வரிப் படிவங்களை அவரே கொட்டை எழுத்தில் நிரப்பி அனுப்பிவந்தவர். முதல் நாலு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. “நடுவுல என்னய்யா மாறிச்சு?” என்றேன். பையிலிருந்து ஒரு நகலை எடுத்து வைத்தார். இந்த நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ்.

அதற்குக் காரணம் விமான நிலையத்து வரிசை. ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போய்த் திரும்பியபோது மகள், மருமகன், பேத்தி மூவரும் குடிமக்கள் வரிசையில் சட்டென்று போய்விட்டார்கள். இவர் மட்டும் அயல்நாட்டார் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். கயிற்றுக்கு அந்தப்பக்கம் பேத்தி, “தாத்தா வரட்டும், தாத்தா வரட்டும்” என்று அழுதுகொண்டிருந்தாளாம். அடுத்த மாதமே விண்ணப்பம் போட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலக் காதைத் திருப்பிக் கேட்டு, உறுதிமொழியை உரக்கச் சொன்னார்.

“சரி, இதை வரிப் படிவத்தோட யார் வைக்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. பட்டாளத்துல ஒரு யூனிட்டுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறினா, போன உடனே உத்தரவை நாமளே எடுத்து நீட்டணும். அவங்க கேக்கட்டும்னு நிக்கக்கூடாது. அதான் போன வருஷம் குத்தி அனுப்பிச்சேன்.”

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் தெம்பில், “நான் பாத்துக்குறேன் ஐயா” என்று சொல்லிவிட்டேன். இரு நாட்டு வரி ஒப்பந்தத்தை மூன்று நாள் வரி வரியாகப் படித்தேன். ராணுவ ஓய்வூதியத்துக்கு, அதைக் கொடுக்கிற நாடு மட்டும்தான் வரி போடலாம். ஆனால் வாங்குகிறவர் தான் குடியிருக்கும் நாட்டின் குடிமகனாகிவிட்டால், அந்த உரிமை இந்த நாட்டுக்கு வந்துவிடும். அங்கே ஊன ஓய்வூதியத்துக்கு வரியே கிடையாது. இங்கே அது வெறும் வருமானம். கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் என் பட்டம் உதவியது.

அவரிடமும் விவரத்தைச் சொன்னேன். இருந்தாலும் வரித்துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. பட்டாளத்தார் விரலில்லாத கையைக் கண்ணாடியில் வைத்தார்.

“இது காசு சம்பாதிக்கப் போன விரல் இல்லன்னு சொல்லு தம்பி.”

நான் அதை நாகரிகமாக மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண் நல்லவள்தான். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். “நம்ம ராணுவத்துல அடிபட்டிருந்தா வரி கிடையாது. இவர் வேற ராணுவமாச்சே” என்றாள். அப்படியே அவரிடம் சொன்னேன்.

“குடிமகன்னு வரி கேக்குறப்போ நான் இவங்க ஆளு. கையைக் காட்டினா வேத்தாளா?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே படியில் உட்கார்ந்து, “சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துட்டா?” என்று கேட்டார்.

“கொடுத்தாலும் பழைய பாக்கி போகாதுங்கய்யா. இங்க தங்குறதுக்குத் திரும்ப அனுமதி கேட்டு நிக்கணும். கிடைக்கும்னும் சொல்ல முடியாது.”

பாக்கியைத் தவணையில் கட்ட எழுதிக் கொடுத்தேன். முதல் தவணை கட்டிய மாதமே வாடகை நின்றது. மருமகன் காரோடு வந்தார். “எதுக்கு மாமா தண்டமா வாடகை? நம்ம வீட்டுல இடமா இல்ல?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். மகள் காரை விட்டு இறங்கவில்லை. பட்டாளத்தார் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, சாவியை மட்டும் உருவி என் மேசையில் வைத்தார். கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

பள்ளி விடுமுறை வந்தது. குடும்பம் வெளிநாடு கிளம்பியது. தவணை போக அவரிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை. மருமகன் எடுத்துத் தருவதாகவும் சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அவர்கள் திரும்பிவரும் நாளில், அடுத்த தவணைச் சீட்டைக் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வலப்பக்கம் போய் நிற்கவும் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. பேத்திதான். அவள் கத்தியது எனக்கே கேட்டது.

“தாத்தா, அஞ்சே நிமிஷத்துல வெளிய வந்துட்டோம்! வரிசையே இல்ல!”

“சரிடா கண்ணு” என்றார் பட்டாளத்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கார் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அவர் அப்போதே போய் கேட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டார்.