சுருட்டு குடித்த தண்ணீர்

வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட ஆயா வாசலில் வந்து நின்று, "டீச்சர், செண்பகத்தக்கா போயிட்டாவளாம்" என்றாள். நானும் செண்பகத்தக்காவும் ஒரே பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியவர்கள். சாயந்திரம் போய்ப் பார்த்தால், அவர் வீட்டுக்காரர் மாரில் அடித்துக்கொண்டு, "பொறுமைன்னா அவதான்! எதுத்து ஒரு சொல் பேசுனதில்ல" என்று ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அக்காவோடு பழகிய உங்களுக்காவது நடந்தது தெரியட்டும்.

அக்கா பிறந்த ஊரான எப்போதும்வென்றானிலிருந்து கல்யாணச் சீராக வந்தது அந்தத் தேக்கு அலமாரி. அக்காவின் அப்பா புஞ்சையில் நின்ற ஒரு ஜோடி மாட்டை விற்றுச் செய்வித்தது. சாவி எப்போதும் அக்காவின் இடுப்பில்தான் இருக்கும். "இந்த வீட்டுல எனக்குன்னு உள்ளது இது ஒண்ணுதாண்டி" என்பார்.

வீட்டுக்காரர் பருத்தித் தரகர். மதுரையில் ஏதோ ஒரு மில் துரை வீட்டில், சுருட்டைக் காயாமல் வைக்கிற அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனியன். நம் ஊர்க் காற்றில் சுருட்டு இரண்டு நாளில் காய்ந்து பொடிந்துவிடும். அதற்காக அக்கா பள்ளியில் இருந்த நேரம் பார்த்து, பூட்டை உடைத்து, சேலைகளையெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டியில் திணித்து, அலமாரியின் உள்பக்கம் முழுக்க தேவதாருப் பலகை அடித்துவிட்டார். கதவிடுக்கில் கம்பளித் துணி. அடித்தட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளம் நிறையத் தண்ணீர். ஆச்சு, சுருட்டுக்கு அரண்மனை!

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டுமாம். அது அக்காவின் வேலை. அலமாரியைத் திறந்தால் அடிக்கும் பாருங்கள் ஒரு நாற்றம்! புகையிலையும் பழைய அந்துருண்டையும் ஈரப்பலகையும் சேர்ந்த அழுகல் வாடை. அது அக்காவின் சேலையிலும் ஏறி, வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தின. வருகிற தரகர்களோ தாம்பாளத்தை எட்டிப்பார்த்து, "அண்ணாச்சி, பிரமாதம்!" என்பார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

அந்தக் கோடையில் கிணறுகள் வற்றின. ஒரு குடம் தண்ணீருக்கு விடியுமுன் போய் வரிசையில் நிற்க வேண்டும். அப்போதும் முதலில் தாம்பாளம் நிறைய வேண்டும் என்பது அந்த மனிதரின் கட்டளை.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். புதூர்ப் பக்கமிருந்து ஆடு பத்திக்கொண்டு வந்த ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்று, "தாயி, பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணி" என்றாள். அக்கா அடுப்படிக்கு ஓடினார். குடத்தைக் கவிழ்த்தார், சொட்டு இல்லை. வீட்டிலிருந்த தண்ணீரெல்லாம் சுருட்டுக்கடியில் கிடந்து நாறிக்கொண்டிருந்தது. "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிய அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வீட்டில் கேட்டுச் செம்போடு நான் வருவதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தால், அக்கா அலமாரி முன்னால் நிற்கிறார். காலையில் பாத்திரம் கழுவிய எச்சில் தண்ணீர் மாட்டுக்கென்று தொட்டியில் கிடந்தது. சுருட்டுகளைக் கைகையாக அள்ளி அதற்குள் போட்டார். ஒன்று விடாமல் போட்டார். பலகைகளை அரிவாளால் நெம்பி எடுத்தார். சேலைகளை உதறி மடித்து அடுக்கினார்.

வீட்டுக்காரர் இரண்டு விருந்தாளிகளோடு வந்து அலமாரிக் கதவைத் திறந்தார்.

"ஏட்டி, சுருட்டெல்லாம் எங்க?"

"காயக்கூடாதுன்னியளே. தொட்டில கெடக்கு. இனிமே காயாது."

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"என் வாசல்ல வந்து தண்ணி கேட்டவகிட்ட இல்லன்னு சொல்ல வச்சிட்டிய. இனி இந்த அலமாரியில கை வச்சா, அந்தத் தொட்டித் தண்ணியத்தான் ஒங்களுக்குக் குடிக்கத் தருவேன்."

விருந்தாளிகள் செருப்பைத் தேடினார்கள். ஊறிய புகையிலைத் தண்ணீரை அக்கா வீணாக்கவில்லை. மூட்டைப்பூச்சிக்கென்று கட்டில் சட்டமெல்லாம் தெளித்துவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு அலமாரி இருந்த பக்கமே போகவில்லை.

அக்காவின் கோபத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். என் வீட்டில் யார் என்ன அதிகாரம் செய்தாலும், விடிந்ததும் முதல் குடம் குடிக்கத்தான். அதில் கை வைக்க வருகிறவரை, யாராக இருந்தாலும், அன்று அக்கா வீட்டுக்காரரைப் பார்த்த மாதிரி நான் ஒரு பார்வை பார்க்கிறேன். கையை எடுத்துவிடுகிறார்கள்.