சிவப்பு வண்டி ஏன் ஆடியது?

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிள்ளானில், ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நானும் என் கணவரும் மகனும் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வேறு வேறு கம்பெனிதான். ஆனால் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டால் எது எதுவென்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரே சாயல்.

என் கணவர் முப்பது வருடம் மோட்டாரில் தபால் பட்டுவாடா செய்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாயும் வெள்ளியும் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பந்திங் போவார். அங்கே என் அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது என் வேலை. வேறு யார் சீப்பை எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த வருடம் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு மறுபடி வண்டியை எடுத்தார். அன்றிலிருந்து வண்டி ஆட ஆரம்பித்துவிட்டது. நேரான சாலையில் சரியாகப் போகும். வளைவு வந்தால் ஹேண்டில் உதறும். போகும் வழியில் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு வளைவில், செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றோம். லோரிக்காரன் திட்டியதுகூட எனக்கு உறைக்கவில்லை. இவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

விஷயம் மகனுக்குத் தெரிந்துவிட்டது. பழைய வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது, அதனால் ஆடியிருக்கலாம் என்று முதலில் நினைத்தான். ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"புது வண்டி பாப்போம்பா. அதுலயும் ஆடுச்சுன்னா சாவியைக் குடுத்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது."

அப்படித்தான் அந்தக் கடைக்கு வந்தோம்.

கடைக்காரரை எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனர். தமிழில் பிளந்து கட்டுவார். இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று என் கணவரிடம் விளக்கினார். சிவப்பில் பின்பக்க ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், சீட்டும் நீளம். நீலத்தில் ஸ்பிரிங் கெட்டி, சீட்டு நடுவில் ஒரு படி வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கும்.

இத்தனை வருடம் ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறேன், அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது யாருக்கும் தெரியாமல் சிவப்பு வண்டியின் சீட்டைக் கையால் அழுத்தினேன். பொசுக்கென்று இறங்கி, மெதுவாக ஏறியது. நீலத்தை அழுத்தினேன். அசையவில்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். மறுபடி சிவப்பை அழுத்தினேன்.

"ஆன்டி, இட்லி வெந்துச்சான்னு பாக்குறீங்களா?" என்றார் பாஸ். வெட்கத்தில் கையை எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு திடல். அதைச் சுற்றி ஆளில்லாத சாலை, இரண்டு வேகத்தடை, கோடியில் வட்டமாகச் சுற்றித் திரும்ப ஒரு சின்ன ரவுண்டபோட். அதில்தான் சோதனை. இவர் முதலில் சிவப்பைத் தனியாக எடுத்துப் போனார். வளைவில் வண்டி தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. பல் தெரியச் சிரித்தார். அடுத்து நான் பின்னால் ஏறினேன். சேலைதான், எப்போதும் போல ஒருபக்கமாக உட்கார்ந்தேன். வேகத்தடையில் தாலாட்டியது. ஆனால் ரவுண்டபோட்டில் திரும்பியதும் அதே உதறல். காலை ஊன்றித்தான் நிறுத்தினார்.

மகன் செல்போனைப் பார்ப்பது போல நின்றான்.

பிறகு நீலம். ரவுண்டபோட்டில் என்னோடும் கோடு போட்ட மாதிரி திரும்பியது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் பல்லைக் கடிப்பது பின்னால் எனக்கே கேட்டது. இறங்கியதும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தைத்த இடம் இன்னும் அதிர்வு தாங்காது. பந்திங் வரைக்கும் எத்தனை குழி, எத்தனை மேடு!

"நீலம் எனக்கு ஆகாது. சிவப்பு ஒன்னும் செய்யல, என் கைதான் போச்சு. தனியாப் போனா சரியாப் போகுது, ஆளை ஏத்துனா தாங்க முடியல," என்று ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு ஸ்டூல் மேல் வைத்தார். "போதும்பா. சாவியை நீயே வச்சுக்க." பழைய வண்டியின் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குள் ஒரு கேள்வி குடைந்தது. கை போயிருந்தால் நீலமும் ஆடியிருக்க வேண்டுமே? அதிலும் நான்தானே ஏறினேன், அதே எடைதானே?

இரண்டு சீட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீலத்தில் அந்தப் படி இருப்பதால் பின்னால் நகர இடமில்லை. என் தோள் அவர் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. சிவப்பில் நீள சீட்டு. கடைசி வரைக்கும் நகர்ந்துபோய்ப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன்பு நான் அப்படி உட்கார்ந்ததில்லை. அவர் இடுப்பில் ஒரு கை இருக்கும். காயம் பட்ட வயிற்றில் கை வைத்தால் வலிக்குமே என்று பயந்து, அன்றிலிருந்துதான் தள்ளி உட்கார ஆரம்பித்தேன். பழைய வண்டியிலும் அப்படித்தான். ஆட ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்!

சொல்லாவிட்டால் அவர் வண்டி அத்தோடு போய்விடும். சொல்வதென்றால் வெட்கம். கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். கடைசியில் பாஸிடம்தான், அதுவும் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பின்னாடி ஆளு கடைசியில உக்காந்தா வண்டி ஆடுமா, பாஸ்?"

"ஆடும் லா! பின்னாடி அமுங்கிடும், முன் சக்கரம் லேசாயிடும். அப்புறம் ஹேண்டில் எப்படி சொன்னபடி கேக்கும்?" என்றவர் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ ஆன்டி! புருஷன்தானே? புடிச்சு உக்காருங்க லா!"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. பாஸ் சிவப்பு வண்டியின் பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் மட்டும் இறுக்கினார். நான் ஹெல்மெட்டை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தேன்.

"என்னங்க, இன்னொரு தடவை போலாம்."

ஏறி, நெருங்கி உட்கார்ந்து, இடுப்பில் கை வைத்தேன். "வலிக்குதா?" என்று காதோடு கேட்டேன்.

"மேல ஆறி எத்தனை மாசமாச்சு. குதிச்சாத்தான் உள்ள இழுக்கும். கை வச்சா என்ன?" என்றார்.

வேகத்தடையில் மெத்தென்று இறங்கி ஏறியது. ரவுண்டபோட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது தாண்டியிருந்தோம். உதறல் இல்லை. நிற்பார் என்று பார்த்தால் இரண்டாவது சுற்று போனார், மூன்றாவதும் போனார். கடைக்குத் திரும்பியபோது மகன் செல்போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"ம்மா, இவ்வளவு நாளா நீங்கதானா?" என்றான். சாவியைத் திரும்ப அப்பா கையில் வைத்தான்.

இன்றைக்கும் அந்தச் சிவப்பு வண்டியில்தான் பந்திங் போகிறோம். ஜெஞ்சாரோம் வளைவு வரும்போதெல்லாம் அவர் கைகளை விரித்துப் பார்த்த அந்த நாள் ஞாபகம் வருகிறது. அவருக்கு வலிக்கக் கூடாது என்று நானே முடிவு செய்து தள்ளி உட்கார்ந்தேன்; வலிக்குதா என்று அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தன் கை போய்விட்டது என்று அந்த மனிதர் அத்தனை மாதம் நினைத்திருக்க வேண்டியதில்லை.