விஜயகுமாரியின் கம்பி

விஜயகுமாரி தன் எஸ்.டி.டி. பூத்தின் பின்னறையில் வெள்ளைக்காரர்களை ஒளித்துவைத்திருக்கிறார் என்று மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் ஒரு பேச்சு. என்னிடம் சொன்னவர் எதிர்ச்சாரி டீக்கடை பக்தவத்சலம்.

"திரைக்குப் பின்னால ஒரு கம்ப்யூட்டர் கீது சார். அம்பது அறுவது ஆவுற ஃபாரின் கால, அதுல அஞ்சு பத்துக்கு முடிச்சிட்டுப் போறானுங்க. நெட்போன் தப்பாமே? டெலிபோன் டிபார்ட்மெண்ட்டுக்குத் தெரிஞ்சா லைன கட் பண்ணிட்டு பொட்டியத் தூக்கிக்கினு பூடுவாங்கோ."

டிபார்ட்மெண்ட்டுக்கு நீங்களே ஒரு கார்டு எழுதிப் போடலாமே என்றேன். டீயை ஒரு முழம் கூடுதலாக ஆற்றினார். "நமக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு? அதுகிட்ட நாலு போன் காலுக்கு பாக்கி வேற கீது."

இது போன வருஷம், 2001 ஆகஸ்டில். பேச்சு நிஜமா என்று பார்க்க, சட்டையை பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு, கக்கத்தில் ஃபைலோடு தெருவைக் கடந்தேன். செருகியது தப்பு. ஃபைல் அதைவிடப் பெரிய தப்பு.

விஜயகுமாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்; கண் மேலே மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களிலேயே இருக்கும். போலியோ வந்த இடது கால். கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே இருப்பார். நாற்காலி ஒன்று உண்டு. அதில் மேசை விசிறியை உட்காரவைத்திருக்கிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது காதலியிடம் உருகிக்கொண்டிருந்தால், "முப்பது ரூபா தாண்டிச்சு!" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பார். ஒரு காதில் பக்கத்துச் சிற்பக்கூடத்தின் உளி, மறு காதில் விஜயகுமாரி. இரண்டையும் மீறி அந்தக் கூண்டில் சில கல்யாணங்கள் நிச்சயமாகியிருக்கின்றன.

என் ஃபைலைக் கண்டதும் இரண்டு தடவை இருமினார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "இவ இன்னாத்துக்கு இப்பப் பாத்து இருமுறா?"

"இன்னா சார் வோணும்?" என்றார் விஜயகுமாரி, எண்களைப் பார்த்து. மெட்ராஸுக்கு ஒரு கால் என்றேன். ஆசிரியரை அழைத்து, இன்னும் எழுதவே தொடங்காத கட்டுரை பாதி முடிந்துவிட்டதாகச் சொல்லி வைத்தேன். கூண்டை விட்டு வெளியே வந்தபோது திரைக்குப் பின்னால் சண்டை மும்முரமாயிருந்தது.

"டேய் வெங்கடேசா! சாப்ட்டியாடான்னு கேட்டா அதுக்கு இம்மாம் நேரம் யோசிக்கிற! இன்னாத்தடா மறைக்கிற?"

விஜயகுமாரிக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, அவன் ஒண்ணும் மறைக்கல. குரலு கடலத் தாண்டிப் போய் வர்துல்ல? லேட்டாத்தான் வரும்!"

"கடல் எம்மாம் தூரம்னு எனுக்கே சொல்றியா நீ?"

அப்போதுதான் தன் வாயே தன்னைக் காட்டிக் கொடுத்தது விஜயகுமாரிக்கு உறைத்தது. முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்த் திரையை அவரே விலக்கினார். வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. மீன் விற்கும் கன்னியம்மா, காலடியில் கூடை, கொண்டைக்கு மேலே ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மகன் சிங்கப்பூரில் வெல்டர்.

"எழுதிக்கோ சார். ஊனமுற்றோர் கோட்டாவுல மூணு வருசம் நடையா நடந்து வாங்குன லைசென்ஸு. இந்தக் கால வச்சிக்கினு நடந்தேன். இத்தப் புடுங்கிட்டா என் வூட்ல ஒல கொதிக்காது. வெள்ளைக்காரனுக்கு இதுல போட மாட்டேன். அவன்கிட்ட டாலர் கீது, கூண்டுலயே பேசட்டும். யக்காகிட்ட இன்னா கீது? நாலு கானாங்கெளுத்தி!"

நான் டிபார்ட்மெண்ட் இல்லை, பத்திரிகைக்காரன் என்றேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"அய்யய்யோ, அது அத்தவிட மோசமாச்சே!"

பில் மெஷின் என் சீட்டைத் துப்பியது: ஏழு ரூபாய் இருபது காசு. பத்து ரூபாயை நீட்டினேன். சில்லறை இல்லை என்றார். கல்லாவில் சில்லறை குவிந்து கிடந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "அப்பால குடு அண்ணே, எங்க ஓடப்போற?"

கவுண்டர் ஓரத்தில் ஒரு குத்துக்கம்பி. அதில் ஒரு சாண் உயரத்துக்குச் சீட்டுகள். பக்தவத்சலத்தின் நாலு கால், லாட்ஜ் மேனேஜர், சிற்பக்கூடத்து ஆட்கள், இரண்டு கைடுகள் என்று தெருவே அதில் குத்தப்பட்டிருந்தது. இவ்வளவு பாக்கியா என்றேன். "பாக்கி வச்சவன் போட்டுக் குடுக்க மாட்டான் அண்ணே" என்றபடி என் சீட்டையும் அதில் ஏற்றினார். அந்த வருஷம் நான் இதை எழுதவில்லை. என் நேர்மையின் விலை பைசா சுத்தமாகத் தெரிந்துபோனது.

இந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நெட்போன் சட்டப்படி செல்லும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. (தேதியைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல.) போன வாரம் கடனைத் தீர்க்கப் போனேன், இருபது காசு நாணயத்துக்காகச் செங்கல்பட்டில் மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒத்தவாடைத் தெருவில் இப்போது நாலு கடைகளில் 'நெட்போன்' போர்டு. பயம் போன கையோடு விஜயகுமாரியின் கூட்டமும் போயிருந்தது. கன்னியம்மாகூட ஏ.சி. போட்ட கடைக்கு மாறிவிட்டார். அங்கேயும் வெங்கடேசன் யோசித்து யோசித்துத்தான் பேசுகிறானாம்.

கண்ணாடிக் கூண்டு காலி. விஜயகுமாரி மட்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார், கண் மேலே. எண்களில் வெறும் பூஜ்ஜியம்.

"இப்பதான் தப்பில்லைன்னு ஆயிடுச்சே. இனிமே உங்களைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டு, சில்லறையைக் கவுண்டரில் வைத்தேன்.

"எழுது. பாக்கி கீதுன்றதையும் சேத்து எழுது."

"அதான் கொண்டாந்திருக்கேனே!"

"இத்த வாங்கிட்டா நீ இன்னாத்துக்கு அண்ணே இந்தப் பக்கம் வரப்போற?"

நாணயங்களை ஒவ்வொன்றாக விரலால் என் பக்கம் தள்ளினார். கடைசியாக அந்த இருபது காசையும். பிறகு, விசிறிக் காற்றில் எழும்பி எழும்பித் துடித்துக்கொண்டிருந்த என் சீட்டைக் கம்பியில் இன்னும் கீழே அழுத்தினார்.