‘வில்’லும் ‘ஷாலு’ம் கொம்பியூட்டரும்

போன புதன்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் ரீச்சர் றகீமாவிடமிருந்து மேல்வகுப்பு பறிபோயிருக்கும். போகவில்லை. காரணம் ஒரு கொம்பியூட்டர்!

முல்லைத்தீவில் ஏது கொம்பியூட்டர் என்கிறீர்களா? சொல்கிறேன்.

போன மாதம் பள்ளிக்கூடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், பிள்ளைகள் “ஐ வில் கோ” என்று எழுதியிருந்ததைக் கண்டு கொதித்துவிட்டார்.

“‘ஐ ஷால்’ எண்டுதான் வரவேணும். இதுகூடத் தெரியாதா?”

“இப்ப ரெண்டும் எழுதுறாங்க ஐயா.”

“ஆர் எழுதினம்? காட்டுங்கோ! இல்லாட்டி மேல்வகுப்பை வேறை ஆளிட்டைக் குடுப்பன்.”

எதைக் காட்டுவது? ரீச்சர் இங்கிலாந்தில் படிக்கும் தம்பி நஸீருக்கு எழுதிக் கேட்டா. லீவில் வந்த நஸீர் கட்டாகக் கடதாசி கொண்டுவந்தார்.

அங்கே பத்திரிகை, கதை, சட்டப் புத்தகம் எல்லாவற்றையும் அட்டைகளில் துளைகளாகக் குத்தி, ஒரு அறையை அடைத்து நிற்கும் கொம்பியூட்டருக்குள் விடுகிறார்களாம். ஒரு சொல்லைக் கேட்டால், அது வரும் வசனங்களையெல்லாம் வரிசையாக அச்சடித்துத் தருமாம். தமிழ் வாத்தியாரான நானே வாய்பிளந்து பார்த்தேன். இலக்கணம் எழுதியவர்கள் தங்கள் காதை நம்பினார்கள். இதுவோ... ஊர் முழுவதையும் அல்லவா கேட்கிறது!

‘ஐ’க்குப் பின்னால் ‘வில்’ தாராளமாக இருந்தது. ரீச்சர் வென்றுவிட்டா.

ஆனால் ரீச்சர் இன்னொரு சொல்லையும் கேட்டிருந்தா — ‘டிஃபரண்ட்’. அதற்குப் பின்னால் ‘ஃப்ரம்’தான் வரவேண்டும் என்று, ‘டு’ போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வெட்டுவா. அந்தச் சொல்லுக்கு வந்த தாளிலோ நல்ல நல்ல பத்திரிகைகளே ‘டு’ போட்டிருந்தன.

“ராத்தா, இந்தத் தாளை வச்சிட்டுப் போங்க. இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கல்லையே,” என்றார் நஸீர்.

“நான் கேட்டேனே தம்பி,” என்றா ரீச்சர்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் திரும்பி வந்ததும் ரீச்சர் இரண்டு தாளையும் மேசையில் வைத்தா. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தாளில் நிமிர்ந்தார்.

“ரீச்சர், இதிலை நீங்கள் படிப்பிச்சது பிழையெண்டெல்லோ வருது?”

“ஓம் ஐயா. நாளைக்கே பிள்ளைகளிட்டச் சொல்லப்போறன்.”

மனிதர் தாள்களை மடித்து ரீச்சரிடம் நீட்டினார். பிறகு கதிரையை விட்டு எழுந்தார்.

“மேல்வகுப்பை நீங்களே படிப்பியுங்கோ. ‘வில்’லை நானும் இனி வெட்டமாட்டன்.”

கொம்பியூட்டர் சரி, பிழை சொல்வதில்லையாம். இருப்பதைக் காட்டுமாம், அவ்வளவுதான். காட்டியதை ஒளிக்காமல் எடுத்து வைக்க ஒரு றகீமா ரீச்சர் வேண்டியிருக்கிறது. ஒத்துக்கொள்ள ஒரு இன்ஸ்பெக்டரும்.

மறுநாள் வகுப்பில் ரீச்சர் விஷயத்தைச் சொன்னதும், முன்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பினாள்.

“அப்ப எங்களுக்கு வெட்டின மார்க்ஸ், ரீச்சர்?”

கொடுத்துவிட்டா. சோதனை முடிந்து இத்தனை நாளுக்குப் பிறகு மார்க்ஸ் ஏறிய வகுப்பை என் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன்!