கருமணல் பூசிய அறை

தட்டில் மணலைப் போட்டு, தண்ணீரை ஊற்றி ஆட்டினால் சரசரவென்று ஒரு சத்தம் வரும்... லேசான மணல் வழிந்து ஓடிவிடும். அடியில் மை மாதிரி கருமணல் தங்கும்.

கடையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. குற்றாலத்தில் சீசன் என்று ஊரே குளிக்கப் போகும்போதும் அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. மண் சாம்பிள் எடுக்க வந்த சர்வேக்காரர்கள் கேனில் தண்ணீர் கொண்டுவந்துதான் அலசினார்கள்.

நான் அப்போது ப்ளஸ் டூ. அம்மா புற்றுநோயில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வீடு கட்டியபோது அந்தக் கருமணலைத்தான் அப்பா தேடித் தேடி அள்ளினார். "கனத்த மண்ணுலா... சுவரு நல்லா நிக்கும்" என்பார். அம்மாவின் அறைக்கு முழுக்க அதையே பூசினார். அவருடைய பிரியம் அப்படி.

குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த சர்வேக்காரர் ஒருவர், கையிலிருந்த மீட்டரைச் சும்மா சுவரில் வைத்தார். வாசலில் டிக்... டிக்... என்றிருந்தது, உள்ளே அம்மாவின் அறைக்கு வந்ததும் வேகமெடுத்தது.

"என்ன சார் இது?"

"ரேடியேஷன், அண்ணாச்சி. எல்லா மண்ணுலயும் உண்டு. இங்கன கொஞ்சம் கூட இருக்கு, அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல."

அப்பாவின் காதில் 'கொஞ்சம் கூட' மட்டும்தான் விழுந்தது.

மறுநாளே உளியை எடுத்துப் பூச்சைக் கொத்த ஆரம்பித்துவிட்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை. "நானே பூசி நானே கொன்னுட்டேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அம்மா பேச்சையே எடுத்ததில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் அந்த அறையை மட்டும் விட்டுவிடுவோம்.

நான் ஜியாலஜி படித்ததே அதனால்தான். இப்போது என் பையிலும் ஒரு மீட்டர் இருக்கிறது.

போன மாசம் அந்த அறையில் மிச்சமிருந்த பூச்சில் வைத்துப் பார்த்தேன். பிறகு அப்பாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், ஜனங்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாறையிலும் வைத்துக் காட்டினேன். பாறையில்தான் சத்தம் வேகமாக இருந்தது.

"இந்த அளவுக்கெல்லாம் ஒரு வியாதியும் வராதுப்பா. நம்ம சுவரு ஒண்ணும் செய்யல."

பாறையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பெரிய பாரத்தை இறக்கிவிட்டோம் என்று எனக்கு நிம்மதி.

"ஏட்டி, அப்ப உங்கம்மைக்கு எதனால வந்துச்சு?"

மீட்டரை அணைத்துப் பையில் வைத்தேன்.

இத்தனை வருஷமும் அவருக்குத் திட்டுவதற்கு ஒரு ஆளாவது இருந்தார், அது அவரேதான் என்றாலும். இப்போது திட்ட அந்த ஆளும் இல்லை.