மூன்று பேராகப் போனோம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைதான் படித்தேன், அதிலும் கணக்கில் சித்தியில்லை. நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் வராது. இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். சிரிக்காதவர்கள், "அந்த மிஸ்ஸுக்கு உன்னால என்ன காரியம் ஆகவேண்டி இருந்திச்சோ" என்கிறார்கள். முழுவதையும் கேட்ட ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மடுல்சீமைப் பக்கம். நான் பிள்ளைக்காம்பராவில் உதவியாளாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுப்பது, தொட்டில் ஆட்டுவது, மூக்குத் துடைப்பது எல்லாம் எங்கள் வேலை. அதற்கு முன் பல வருஷம் மலையில் கூடை சுமந்த முதுகு என்னுடையது. அங்கே பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெறப் போனபோது அந்த இடத்தை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பதுளையில் இருக்கும் கல்லூரியில் சிறுவர் பராமரிப்புப் படிப்பை முடித்துச் சான்றிதழோடு வரவேண்டும். முடிக்காவிட்டால் மறுபடியும் கூடை. ஆபீஸ் கிளாக்கரின் சொந்தத்தில் ஒரு பெண் உயர்தரம் படித்துவிட்டு இந்த மாதிரி வேலைக்குக் காத்து வீட்டில் சும்மா இருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போனது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள், அதுவும் நரை விழுந்த பிறகு. மகள் சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை.

"சும்மா யாரும் படிப்பு குடுக்கமாட்டான். பின்னால என்னமோ இருக்கு. பாத்து நடந்துக்க" என்றார்.

சனி, ஞாயிறுகளில் வகுப்பு. படிப்பு முழுக்கச் சிங்களத்தில். தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஹல்துமுல்லைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பெரிய வாய்க்காரி. பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருத்தி. பிறகு நான். இரண்டு பேரும் என்னைவிட ரொம்பச் சின்னவர்கள். அவர்களுக்குச் சிங்களம் அரைகுறை. நான் கல்யாணத்துக்கு முன் பசறையில் ஒரு துணிக்கடையில் நின்றவள். காலை முதல் பொழுது சாயும்வரை சிங்கள வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசிப் பேச்சு நன்றாக வரும்.

படிப்பித்த மிஸ் சிங்களவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நான் சொல்வதை மற்ற இரண்டு பேருக்கும் தமிழில் சொல்லிக்கொடு" என்றார். மிஸ் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான், தமிழில் எழுதுகிறேன். நான் சொல்லிக்கொடுத்தேன். இடைவேளையில் ஹல்துமுல்லைக்காரி கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"கங்காணியம்மா, இன்னைக்கு எந்த மலைங்க? காலைப் பெரட்டுல பேர் குடுக்க லேட்டாயிட்டனா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அது உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. துரை சொல்வதை ஆட்களுக்கும் ஆட்கள் சொல்வதைத் துரைக்கும் கொண்டுபோன கங்காணியைத் தோட்டத்தில் எந்தக் காலத்திலும் யாரும் நம்பியதில்லை. மிஸ் ஏன் என்னைப் பிடித்தார்? வகுப்பில் மற்றவர்களையெல்லாம் தங்கச்சி என்ற அர்த்தத்தில் 'நங்கி' என்று அன்பாகக் கூப்பிட்டார். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

பேச்சு வந்த அளவுக்கு எழுத்து வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையில் இருப்பதை ஒருவாறு எழுதிக்கொள்வேன். ஆனால் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால் போச்சு. சிங்கள எழுத்து எல்லாம் வட்டம் வட்டமாக ஒன்றுபோலவே தெரியும். ஒரு வரியைக் கடப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஹல்துமுல்லைக்காரி நம்பவில்லை.

"சிங்களத்தியே தோத்துப்போற மாதிரி பேசுறீங்க. வாசிக்க மட்டும் தெரியாதாக்கும்! நடிக்காதீங்கக்கா. எங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்னு பயமா?"

நடுத் தவணைச் சோதனையில் பாதிக் கேள்விகளைக்கூட நான் தொடவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தபோது மிஸ் வந்து பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ ஒளித்து வைத்துப் பார்த்து எழுதுகிறேன் என்று நினைக்கிறார், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் கூடுமே என்று நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டேயிருந்தேன்.

அடுத்த வாரம் தொழிலாளர் நலன் பார்க்கும் தோட்டத்து வெல்பெயார் ஐயா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். தொட்டில்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். போகும்போது, "படிப்பு கஷ்டமா இருக்காம்மா? கஷ்டம்னா சொல்லிரு. வேற ஆளப் பாக்கலாம்" என்றார்.

கஷ்டம் என்று இவருக்கு யார் சொன்னது?

கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மிஸ் என் மேசைப் பக்கம் குனிந்து, மெதுவான குரலில், "இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்கு வா. தனியாக வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் வாசலுக்கு யாரும் ஒத்தையாகப் போகக்கூடாது. லீவு கேட்கப் போனாலும் சரி, கூரை ஒழுகுது என்று சொல்லப் போனாலும் சரி, கூட இரண்டு பேர் போகவேண்டும். பேசுவது ஒருத்திதான், மற்ற இரண்டு பேரும் பின்னால் நின்று கேட்பார்கள். அப்போதுதான் 'உள்ள போயி நம்மளப் பத்தி என்ன சொன்னாளோ' என்ற பேச்சு வராது. என் அம்மா ஒரு தடவை அவசரத்துக்குத் தனியாகப் போய் வந்துவிட்டார். அதன்பிறகு பல மாதம், தண்ணீர்ப் பீலிக்கு அவர் குடத்தோடு போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலகி இடம் விடுவார்கள். சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அம்மா சொல்வார்.

ஆகவே மிஸ் சொன்ன மற்ற வார்த்தையெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'தனியாக' என்ற ஒன்றுதான் காதிலேயே நின்றது. பரீட்சைக்கு வராதே என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார், சாட்சி இல்லாமல் சொல்லப் பார்க்கிறார். மணி அடித்ததும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டேன்.

"வர்றேங்க்கா. என்னமாச்சும் ஏடாகூடமாப் பேசினா நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஹல்துமுல்லைக்காரி, சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு.

"நான் பேசமாட்டன். சும்மா நிக்கிறன், போதுமா? வாப்பாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாரு" என்றாள் கடைவீதிப் பெண்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் முன்னாலும் அவர்கள் எனக்குப் பின்னாலுமாக நின்றோம். உள்ளே போகவில்லை, போகச் சொன்னால்தான் போவோம். மிஸ் மேசையில் இருந்தார். முன்னால் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர், பின்னால் இருந்தவர்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்.

பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த, படிப்பிக்கும் சேர் ஒருவர், "என்ன, ஸ்ட்ரைக்கா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. "என்ன விஷயம்?" என்று என்னிடமே கேட்டார்.

"மிஸ்தான் வரச் சொன்னீங்க."

"ஒன்றுமில்லை. போங்க."

வெளியே வந்ததும் ஹல்துமுல்லைக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "பாத்தீங்களாக்கா, பைய ஒளிச்சத? நம்ம போகலன்னா இன்னைக்கு உங்களுக்கு ஆப்புதான்."

"பைக்குள்ள என்ன ஈந்திருக்கும்?" என்றாள் மற்றவள்.

"என்ன இருந்தா என்ன? ஒளிச்சாங்கல்ல?"

பின்னேர வகுப்பில் மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. தமிழில் சொல்லிக்கொடு என்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் கடைவீதிப் பெண் அவர்கள் கடைக்குப் பக்கத்தில் வாங்கிய வடை இரண்டைப் பேப்பரில் சுற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் பதுளை பஸ் நிலையத்தில் மடுல்சீமை பஸ்ஸுக்காக வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வருவதா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மிஸ் ஜனங்களுக்குள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தோளில் அதே துணிப்பை. நான் எழுந்து நின்றேன். இந்த நேரம் பார்த்துக் கூட யாரும் இல்லை.

"உட்கார், அக்கே" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மூன்று பேராக வந்து நின்றதும் நான் பயந்துவிட்டேன். என்மேல் முறைப்பாடு சொல்ல ஆள் சேர்த்து வந்திருக்கிறாய் என்று நினைத்தேன்."

"நான் ஏன் மிஸ் அப்படிச் செய்யப்போறேன்?"

"பிறகு ஏன் அவர்களைக் கூட்டி வந்தாய்?"

லயத்து வழக்கத்தை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? மிஸ் பையைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

"சோதனையன்று தாளை நீ கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தாய். என் அம்மாவும் அப்படித்தான் பிடிப்பார். அவருக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்து இப்போது வேறு கண்ணாடி. போட்டுப் பார். எல்லோர் முன்னாலும் கொடுத்தால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் தனியாக வரச் சொன்னேன்."

நான் உடனே வாங்கவில்லை. "இதுக்கு நான் என்ன செய்யணும் மிஸ்?"

"நாளைக்கு வந்து பரீட்சை எழுது."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு என்ன?" என்றார். உண்மையாகவே விளங்காதவர் போலத்தான் முகம் இருந்தது.

போட்டுக்கொண்டு வகுப்புத் தாளை எடுத்தேன். வட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. ஒன்றுக்கு வால், ஒன்றுக்குக் கொம்பு, ஒன்றின் வாய் திறந்திருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, வடை சுற்றிய பேப்பரைத் திருப்பிப் பார்த்தேன். அது தமிழ்ப் பேப்பர். எண்ணெய் படாத பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு மரண அறிவித்தல் இருந்தது. முழுவதும் வாசித்தேன். அப்படி வாசித்து எத்தனை காலம் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் பேப்பர் வந்தால் மகளை வாசிக்கச் சொல்வேன், அரிசியில் கல் பொறுக்குவதையும் அவளிடமே விட்டிருந்தேன். சோம்பல் என்றுதான் அவள் ஏசுவாள். நானோ வருஷம் முழுவதும் சிங்களத்தின் மேலேயே பழியைப் போட்டிருந்தேன்.

"சரியாக இருக்கிறதா?"

"இருக்கு மிஸ்."

"பரீட்சை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டி உனக்கென்று ஒன்று எடு" என்று சொல்லி, பையையும் என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் துணிப்பைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தேன். மூலை முடுக்கெல்லாம் தடவினேன். கண்ணாடி துடைக்கும் துண்டு ஒன்றுதான் இருந்தது. வெல்பெயார் ஐயாவுக்கு யார் சொன்னது என்று மிஸ்ஸிடம் கேட்காமல் விட்டது பசறை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டில் கண்ணாடியைப் பார்த்த கணவர் அதை வாங்கித் தானும் போட்டுப் பார்த்தார்.

"சும்மாவா குடுத்தாங்க?"

"சும்மாதான்."

"நாளைக்குப் போனா என்னமாச்சும் கேப்பாங்க, பாரு."

இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. கண்ணாடியை அதே துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன்.

மறுநாள் பரீட்சை நடந்தது. கேள்விகள் எல்லாவற்றையும் வாசித்து, நேரத்துக்குள் எழுதி முடித்தேன். மிஸ் எதுவும் கேட்கவில்லை. மடுல்சீமை பஸ் அன்று பிந்தித்தான் வந்தது, அதுவரைக்கும் யாரும் என்னைத் தேடி வரவில்லை.