கல் நின்ற இடம்

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மண் காக்கும் குழுவில் இருந்த பெண்களுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்தேன். குன்றுச் சரிவில் மழைநீரை நிறுத்தும் பள்ளங்களை எங்கே வெட்டுவது என்பதுதான் பாடம். அதற்கு ஒரு மரச்சட்டம் வைத்திருந்தோம். இரண்டு கால்கள், குறுக்கே ஒரு கழி, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு கல். கால்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் கயிறு குறுக்குக் கழியின் நடுக்கோட்டில் நிற்கும். அந்த மட்டத்திலேயே வெட்டிக்கொண்டு போகவேண்டும். என்னைவிடச் சுத்தமாகச் செய்தார்கள்.

ஐந்தாம் நாள் சித்தூரிலிருந்து அதிகாரி வருவதாகப் போன் வந்தது. அவர் குன்று ஏறமாட்டாராம். கார் நிற்கிற இடத்திலிருந்தே வேலை தெரியவேண்டுமாம். சாலையோரச் சரிவில் மேலிருந்து கீழாக நானே சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

"இறக்கமா போய்க்கினு கீது சார். கீழ எங்க நெலம்," என்றார் ஒரு பெண்மணி.

"சொன்னதைச் செய்யுங்கம்மா."

கோட்டின் மேலேயே பள்ளம் வெட்டினார்கள். அதிகாரி காரில் இருந்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

முதல் பெருமழையில் அந்தப் பள்ளத்தின் வழியே தண்ணீர் பாய்ந்து, அந்தப் பெண்மணியின் வேர்க்கடலையை மண்ணோடு வாரிக்கொண்டு போனது. பார்க்கப் போனேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. மரச்சட்டத்தைக் கொண்டுவந்து பள்ளத்தில் ஊன்றினார். கல் ஆடி ஆடி, நடுக்கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது.

"நான் சரியாத்தான் வச்சிக்கீறேனா, பாத்து சொல்லுங்க சார்," என்றார்.